காகிதப்பூ பூக்கவில்லையா? முதலில் தண்ணீர்க் குடத்தைக் கீழே வையுங்கள்

பாண்டிச்சேரியில் துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதிப் பக்கம் ஒருமுறையாவது நடந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் சுவர், அதன் மேல் ஏறி வெளியே சரிந்து தொங்கும் ரோஸ் கலர் காகிதப்பூ, அதற்குக் கீழே போட்டோ எடுக்க முறைக்காகக் காத்திருக்கும் கூட்டம். அந்தச் செடிகளுக்கு யாராவது குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததே இல்லை. வேரைச் சுற்றிச் சிமெண்ட் பூசி ஒரு சாண் அளவுக்குத்தான் மண்ணை விட்டுவைத்திருப்பார்கள், ஆனால் அது இலையே தெரியாமல் பூத்துக் கொட்டும். இங்கே முத்தியால்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில், காலை மாலை இரண்டு வேளையும் குளிப்பாட்டி, வாரம் தவறாமல் உரம் வைத்து நான் வளர்த்த செடி மூன்று வருஷம் இலையும் முள்ளுமாகவே நின்றது. ஒரே ஒரு முறை ஒரு கொத்து பூத்தது. அதுவும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பிய பிறகு.

அந்தப் பத்து நாளில் என்ன நடந்தது என்று யோசித்ததில் தொடங்கியதுதான் எல்லாம். இப்போது மாடியில் பதினோரு தொட்டி இருக்கிறது. கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் என் அக்கா வீட்டு வாசலிலும் ஒன்று, கடல் காற்றை நேருக்கு நேர் வாங்கிக்கொண்டு நிற்கிறது. புதுவை, கடலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கிற குறிப்புகளில் பாதி பனி விழும் ஊர்க்காரர்கள் எழுதியவை. நமக்குப் பனி எதிரி இல்லை, ஐப்பசி கார்த்திகை மழைதான்.

பூ என்று நினைப்பது பூ இல்லை

ஒரு கொத்தைப் பறித்துக் கண் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரோஸ் கலரில் காகிதம் மாதிரி இருக்கும் மூன்றும் இதழ்கள் இல்லை, நிறம் மாறிய இலைகள். பூவடிச் செதில் என்று பாடப்புத்தகத்தில் சொல்வார்கள். ஒவ்வொன்றின் நடு நரம்பிலும் ஒட்டிக்கொண்டு தீக்குச்சித் தலை அளவுக்கு வெள்ளையாக ஒரு சின்னக் குழாய் இருக்கும், அதுதான் உண்மையான பூ. அது வாடிய பிறகும் வண்ணச் செதில் வாரக்கணக்கில் நிற்கும், அதனால்தான் இந்தச் செடி இவ்வளவு நாள் பூத்திருப்பது போலத் தெரிகிறது.

இன்னொரு விஷயம் தெரிந்தபோது எனக்கு இந்தச் செடியின் குணமே புரிந்துவிட்டது. காகிதப்பூவின் முள்ளும் பூங்கொத்தும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. இலைக் கக்கத்தில் வருகிற அந்த அரும்பு, நல்ல வெயிலும் கொஞ்சம் பஞ்சமும் இருந்தால் பூங்கொத்தாகிறது. தண்ணீரும் உரமும் நிழலும் தாராளமாக இருந்தால் செடிக்குப் பூக்கும் அவசரம் இல்லை, நீளமாக வளர்ந்துகொண்டே போகிறது, அரும்பு முள்ளாகிவிடுகிறது. என் மாடியில் மூன்று வருஷம் நான் வளர்த்தது முள் தோட்டம்தான் என்று அப்போது தெரிந்தது.

இது நம் ஊர்ச் செடி இல்லை, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடி உலகைச் சுற்றிக் கிளம்பிய பயணத்தில், 1767-ல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில், கூட வந்த தாவரவியலாளர் கொம்மெர்சோன் இதைச் சேகரித்தார். தலைவரின் பெயரே ‘பூகன்வில்லா’ என்று செடிக்கு நிலைத்துவிட்டது. கொம்மெர்சோனுக்கு உதவியாளராக ஆண் வேஷத்தில் கப்பலேறிய ஜான் பாரே என்ற பெண்ணின் பெயரையும் வைத்திருக்கலாம் என்பது என் கட்சி, உலகைச் சுற்றி வந்த முதல் பெண் அவர். புதுவையில் இதற்கு இன்னொரு பெயரும் உண்டு: அரவிந்தர் ஆசிரமத்து அன்னை ஒவ்வொரு பூவுக்கும் ஒரு பொருள் சொல்லியிருக்கிறார், காகிதப்பூவுக்கு அவர் சொன்னது ‘பாதுகாப்பு’.

வாங்கும்போது

நர்சரியில் பூத்துக் குலுங்கும் செடியைத்தான் கை தூக்கும். நிறம் பார்க்க அது நல்லதுதான், ஆனால் அடிப்பகுதியைப் பாருங்கள். தண்டு விரல் கனமாவது இருக்க வேண்டும், பையை லேசாக ஆட்டினால் செடி தனியாக ஆடக் கூடாது. ஆடினால் அது போன மாதம் நட்ட குச்சி, வேர் இன்னும் பிடிக்கவில்லை.

ஒரே செடியில் நாலு கலர் என்று ஒட்டுக்கட்டி விற்பார்கள். நானும் ஈசிஆர் பக்கம் ஒரு நர்சரியில் ஆசைப்பட்டு வாங்கினேன். ஒரு வருஷத்தில் ஆரஞ்சு போனது, வெள்ளை போனது, கடைசியில் கத்திரிப்பூ நிறம் மட்டும் நின்றது. ஏமாற்றிவிட்டார்கள் என்று திட்டினேன், பிறகுதான் தெரிந்தது தப்பு என்னுடையது என்று. ஒட்டுக்குக் கீழே, அடித்தண்டிலிருந்து வருகிற துளிரை உடனுக்குடன் கிள்ளாவிட்டால் அது நாட்டுச் செடியின் பலத்தோடு வளர்ந்து மேலே உள்ளதையெல்லாம் பட்டினி போட்டுவிடும். வாங்கினால் இதை மறக்காதீர்கள்.

ரகத்தில் ஆரம்பக்காரர்களுக்கு என் சிபாரிசு சாதாரண கத்திரிப்பூ நிறம்தான். கொன்றாலும் சாகாது. ஒரே செடியில் வெள்ளையும் ரோஸும் வேண்டுமென்றால் மேரி பாமர் இருக்கிறது. இது ஒட்டு இல்லை, இயற்கையாகவே அப்படிப் பூக்கும், நம் கல்கத்தாவில் கிடைத்த ரகம். இலையில் மஞ்சள் திட்டோடு இருப்பது திம்மா. அடுக்கடுக்காகப் பூக்கும் மஹாரா பார்க்க அழகு, ஆனால் வாடிய பூ உதிராமல் கிளையிலேயே பழுப்பாகத் தொங்கும், மழை பட்டால் ஊறிப்போன காகிதக் குப்பை மாதிரி இருக்கும். எனக்குப் பிடிக்கவில்லை, என் அக்காவுக்கு உயிர்.

இடம்

ஒரு நாளைக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். இதில் பேரம் கிடையாது. பால்கனியில் காலை வெயில் இரண்டு மணி நேரம் வருகிறது, போதுமா என்று கேட்டால், இலைக்குப் போதும், பூவுக்குப் போதாது. மொட்டை மாடி, தெற்கு அல்லது மேற்குச் சுவர், இதுதான் இடம். உப்புக் காற்றை இது நன்றாகத் தாங்கும், அதனால் கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் தைரியமாக வைக்கலாம்.

தரையில் வைப்பவர்கள் மின் கம்பிக்கும் தண்ணீர்த் தொட்டி ஏணிக்கும் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். நாலு வருஷத்தில் அது மாடி ஏறிவிடும். மதில் தாண்டித் தெருவில் தொங்கும் கிளையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் வந்து கண்ணில் குத்திக்கொள்ளும் உயரம் எது என்று ஒருமுறை வெளியே நின்று பார்த்துவிட்டு, அதற்குக் கீழே வருவதை வெட்டிவிடுங்கள்.

மண்ணும் தொட்டியும்

பெரிய தொட்டி வாங்காதீர்கள். வேர் நெருக்கமாக இருந்தால்தான் இது பூக்கும். நர்சரிப் பையிலிருந்து 10 அங்குலம், ஒன்றிரண்டு வருஷம் கழித்து 12 அல்லது 14, அவ்வளவுதான். மண் தொட்டி என்றால் ரொம்ப நல்லது, பக்கவாட்டிலும் ஈரம் காயும். அடியில் ஒரு ஓட்டை மட்டும் இருந்தால் இன்னும் இரண்டு போட்டுக்கொள்ளுங்கள், மேலே ஓட்டாஞ்சில்லு கவிழ்த்து வையுங்கள், தொட்டியைத் தரையோடு ஒட்டாமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

கலவை: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. ஆரோவில் மேட்டுப் பக்கம் கிடைக்கும் செம்மண் இதற்கு நன்றாக ஒத்துப்போகிறது. தேங்காய் நார்த் தூள் போடுவது இப்போது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. தக்காளிக்குச் சரி, இதற்கு வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வயல் களிமண் மட்டுமே கிடைக்கிறது என்றால் மணலை இரண்டு பங்காக்கிக்கொள்ளுங்கள். கடற்கரை மணலை அள்ளி வந்து போடாதீர்கள், அதில் உப்பு.

இப்போது கவனம். காகிதப்பூவைக் கொல்ல ஒரே சுலபமான வழி, மாற்றி நடும்போது வேர் மண்ணை உதிர்ப்பது. மேலே முரட்டுச் செடி, கீழே வேர் நூல் மாதிரி, பட்டென்று அறுந்துவிடும். நான் முதலில் வாங்கிய வெள்ளைச் செடியை, வேரைப் பிரித்துவிட்டால் நன்றாகப் பரவும் என்று எங்கோ கேட்டு, தண்ணீரில் அலசி நட்டேன். எட்டாவது நாள் குச்சியாகிவிட்டது. பையைத் தூக்கி இழுக்காதீர்கள். அடியை பிளேடால் வட்டமாக வெட்டி எடுத்து, பையோடு தொட்டிக்குள் இறக்கி, பக்கவாட்டைக் கிழித்துப் பையை மேல் பக்கமாக உருவி எடுங்கள். மண்கட்டி உடையக் கூடாது. நட்டதும் ஒருமுறை நிறையத் தண்ணீர், பிறகு ஒரு வாரம் ஓரளவு நிழல், அப்புறம் வெயிலுக்கு.

தண்ணீர், எல்லாப் பிரச்சினையும் இங்கேதான்

புதிதாக நட்ட செடிக்கு முதல் இரண்டு மூன்று மாதம் மண் காயாமல் ஊற்றத்தான் வேண்டும். வேர் பிடித்து, புதுத் துளிர் ஒரு முழம் வளர்ந்த பிறகு விளையாட்டு மாறுகிறது.

ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விடுங்கள். ஈரம் தட்டினால் ஊற்றாதீர்கள். மேல் மண் காய்ந்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், நம் ஊர்க் காற்றில் மேலே அரை மணியில் காய்ந்துவிடும், உள்ளே சொதசொதவென்றிருக்கும். ஊற்றினால் அடி ஓட்டை வழியே ஒழுகும் வரை ஊற்றுங்கள். தினமும் ஒரு சொம்பு தெளிப்பதுதான் மோசம், வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

பூ வரவைக்க வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். செடி நல்ல ஆரோக்கியத்தோடு, புதுக்கிளைகளோடு இருக்கும்போது தண்ணீரை நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாளில், வெயில் காலமென்றால் ஒரே நாளில், கிளை நுனியும் இலைகளும் தொய்ந்து தொங்கும். மத்தியானம் தொய்ந்து சாயங்காலம் நிமிர்ந்துகொண்டால் இன்னும் தண்ணீர் வேண்டாம். மறுநாள் விடியற்காலையிலும் தொய்வாகவே இருக்கிறதா, அப்போது முழுத் தொட்டிக்கு இல்லாமல் அரைச் சொம்பு ஊற்றுங்கள். மறுபடி தொய்யட்டும். இரண்டிலிருந்து மூன்று வாரம் இப்படி ஓட்டினால் நுனிகளில் மிளகு அளவுக்கு நிறம் கட்டிய மொட்டுகள் தெரியும். தெரிந்ததும் பட்டினியை நிறுத்தி, மறுபடி விரல் கணக்குப்படி தண்ணீர் கொடுங்கள், இல்லையென்றால் மொட்டு உதிர்ந்துவிடும். நடுவில் கொஞ்சம் இலை கொட்டும், அது பரவாயில்லை.

இதில் பெரிய சிக்கல் செடி இல்லை, வீட்டில் உள்ளவர்கள்தான். எங்கள் அத்தை மாடிக்குத் துணி எடுக்க வரும்போதெல்லாம் “பாவம்டி, வாடி வதங்கிப் போயிருக்கு, வாயில்லா ஜீவன்” என்று ஒரு வாளி ஊற்றிவிட்டுப் போய்விடுவார். மூன்று வார வேலை ஒரு வாளியில் போகும். கடைசியில் அந்தத் தொட்டிகளை மட்டும் மாடியின் மறு மூலைக்கு மாற்றி, அத்தையின் கருணைக்குத் துளசியையும் கற்பூரவல்லியையும் இந்தப் பக்கம் வைத்தேன்.

சித்திரை வைகாசி கத்திரி வெயிலில் மட்டும் இந்தக் கண்டிப்பு வேண்டாம், மாடித் தொட்டிக்கு அப்போது தினமும் தேவைப்படும். தரையில் நன்றாக வேரூன்றிய செடி என்றால் பத்து நாளைக்கு ஒருமுறை போதும், பல வீடுகளில் அதுவும் இல்லை.

உரம்

யூரியா கூடாது. பஞ்சகவ்யமோ மாட்டு எருவோ அளவுக்கு மிஞ்சினாலும் இலைதான் வரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கை மண்புழு உரம், ஒரு மேசைக்கரண்டி எலும்புத் தூள், பூக்கும் பருவத்துக்கு முன் தொட்டிக்கு அரைத் தேக்கரண்டி பொட்டாஷ், ஓரமாகத் தூவி மண்ணைக் கிளறித் தண்ணீர். வாழைப்பழத் தோல் ஊறவைத்த தண்ணீர் பற்றி ஆயிரம் வீடியோ இருக்கிறது. ஊற்றுங்கள், கெடுதல் இல்லை, எறும்பு மட்டும் வரும்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு தொல்லை, கடினமான போர் தண்ணீர். அதையே ஊற்றிக்கொண்டிருந்தால் மண் காரத்தன்மை ஏறி, புதுத் துளிர் மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் வரும். அது இரும்புச் சத்துக் குறை. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கேளுங்கள், ஒரு லிட்டருக்கு 2 கிராம் கரைத்து சாயங்காலத்தில் இலையில் தெளித்து, மீதியை மண்ணில் ஊற்றுங்கள், பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை. சுவரிலும் தரையிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக் கறை போகவே போகாது. மழைத் தண்ணீர் பிடித்து வைக்க முடிந்தால் அதுவே மருந்து.

கத்தரிப்பது

புதுக்கிளையில்தான் பூக்கும். வெட்ட மனசு வராதவர்கள் இந்தச் செடியை வளர்க்கக் கூடாது என்று சொல்லிவிடுவேன்.

பூத்து முடிந்த ஒவ்வொரு கிளையையும் உடனே மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை பெரிய வெட்டு. நான் அதை ஆனி மாதம் செய்கிறேன், கோடைப் பூ ஓய்ந்து, அவ்வப்போது சாயங்கால இடி மழை வரத் தொடங்கும் நேரம். செடியில் பாதி போகலாம், பயப்பட வேண்டாம். உள்நோக்கி வளர்வது, ஒன்றோடொன்று உரசுவது, காய்ந்தது, அடியிலிருந்து சாட்டை மாதிரி நேராக எழும்புவது, எல்லாம் போகட்டும். வெட்டு ஒரு கணுவுக்குச் சற்று மேலே, வெளிப்பக்கம் பார்க்கும் மொட்டுக்கு மேலே இருக்க வேண்டும்.

இரண்டாவது, மார்கழிக் கடைசியில் ஒரு நுனிக் கிள்ளல். மழையில் குடித்து வளர்ந்த நீள நுனிகளை ஒரு சாண் வெட்டிவிட்டால் பக்கத்துக்கு இரண்டு மூன்று கிளை வரும். பொங்கலிலிருந்து எண்ணினால் ஆறிலிருந்து எட்டு வாரம். மாசி மகத்துக்கு சாமிகளெல்லாம் வைத்திக்குப்பம் கடலுக்கு வரும் சமயத்தில் என் மாடியில் பெரும்பாலும் முதல் நிறம் தெரிந்துவிடும், பங்குனியில் உச்சம்.

கையில் தோல் கையுறை, முழுக்கைச் சட்டை. வெட்டிய கிளையை அப்படியே குப்பை வண்டியில் போடாதீர்கள், எடுப்பவரும் மனிதர்தான். ஒரு முழத் துண்டுகளாக நறுக்கி, பழைய சாக்கில் கட்டி, முள் என்று வாயால் சொல்லிக் கொடுங்கள்.

மழையும் புயலும்

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் நடுவே கரையேறியபோது அக்கா வீட்டு வாசலில் இருந்த பழைய காகிதப்பூ பந்தலோடு சேர்ந்து மதிலையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. படர்ந்த செடி ஒரு பாய்மரம். புரட்டாசிக்குள் அதன் பாரத்தைக் குறைத்துவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் கற்றோம். அடிக்கட்டையை மட்டும் விட்டு மற்றதை அறுத்தோம், பொங்கல் கழிந்து துளிர்த்தது. இப்போது நிற்பது அதே செடிதான்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது காற்றைவிடத் தண்ணீர்தான் அடி. புதுவையில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தொட்டி ஓட்டை அடைத்திருந்த இரண்டு செடிகள் வேர் அழுகிப் போயின, செங்கல் மேல் நின்றவை தப்பின. அதனால் ஐப்பசி பிறந்ததும் ஒவ்வொரு தொட்டியின் ஓட்டையிலும் ஒரு கம்பி விட்டுப் பாருங்கள், அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள், உரத்தை நிறுத்துங்கள். விடாமல் மழை என்றால் தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்துவிடலாம், அசிங்கமாக இருக்கும், ஆனால் பிழைக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் கைப்பிடிச் சுவர் மேல் இருக்கும் தொட்டியை முதலில் இறக்குங்கள்.

புதுச்செடி

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது குச்சிக்கும் பொருந்துகிறது. ஆனி வெட்டில் விழுந்த கிளைகளை ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் ஒன்றிரண்டு நாள் தாங்கும், அதிலேயே எடுக்கலாம். பென்சில் கனம், 6 முதல் 8 அங்குல நீளம், பச்சையும் இல்லாமல் முழு மரமும் இல்லாமல் நடுத்தரம். நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். அடி வெட்டு கணுவுக்குக் கீழே சாய்வாக, மேல் வெட்டு நேராக, தலைகீழாக நடாமல் இருக்க இந்த அடையாளம். இலையையெல்லாம் எடுத்துவிட்டு, வேர்விடும் பொடி இருந்தால் தொட்டு, மணலும் செம்மண்ணும் சமமாகக் கலந்த பையில் இரண்டு கணு உள்ளே போகும்படி நட்டு நிழலில் வையுங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் துளிர் வரும். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு வெயிலில் வைக்காதீர்கள், பிடித்துவிட்டதா என்று இழுத்தும் பார்க்காதீர்கள். அந்தத் துளிர் குச்சிக்குள் சேமித்திருந்த சத்தில் வந்தது, கீழே வேர் இருக்காது. ஆறு எட்டு வாரம் பொறுத்து, இரண்டாவது சுற்று இலை வந்தால்தான் நம்பலாம். பத்துக் குச்சி நட்டால் எனக்கு நாலைந்து பிழைக்கும். மேரி பாமர் மாதிரிக் குச்சியில் வர அடம்பிடிக்கும் ரகத்துக்கு விண்பதியம்: ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈர நாரை வைத்து, பிளாஸ்டிக் தாளால் சுற்றி இரு பக்கமும் கட்டிவிடுங்கள். தாளுக்குள் வெள்ளை வேர் கண்ணுக்குத் தெரிந்த பிறகு அறுத்து நடலாம்.

பூச்சி

பெரிதாக வராது. வந்தால் மாவுப்பூச்சி, நுனியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி. எறும்பு வரிசையாக ஏறினால் அங்கே அது இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றிரண்டு கொத்து என்றால் நுனியோடு வெட்டி எறியுங்கள். பரவியிருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி பாத்திரம் கழுவும் சோப்பு நீர், நன்றாகக் குலுக்கி, வெயில் சாய்ந்த பிறகு இலைக்கு அடியில் படும்படி வாரம் ஒருமுறை மூன்று தடவை. மழைக்காலத்தில் இலையில் கரும்புள்ளி விழும், உதிர்ந்த இலையைக் கூட்டி அள்ளிவிட்டால் போதும், தை வெயிலில் தானாக அடங்கும்.

முள் குத்தின இடத்தை அப்படியே விடாதீர்கள். சிலருக்கு இரண்டு நாள் வீங்கிச் சிவந்து வலிக்கும். நுனி உள்ளே ஒடிந்திருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிட்டு, சோப்பு போட்டுக் கழுவுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு நாளாகிவிட்டதென்றால் ஆனி வெட்டுக்கு முன்னாலேயே ஒரு டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். நான் போன வருஷம் வெட்டி முடித்து, விரல் வீங்கிய பிறகுதான் ஓடினேன்.